புற்றுக்கு வழிவிடும் நொதிகள்

புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதலில் தோன்றிய கட்டி அல்ல. அங்கிருந்து கிளம்பி நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று போய்க் குடியேறும் செல்கள்தான். கிளம்புமுன் அவை அடித்தளச் சவ்வு என்ற, கொலாஜன் புரதத்தாலான படலத்தைத் தாண்டியாக வேண்டும். அதை அறுத்துத் தருபவை எம்.எம்.பி. எனப்படும் நொதிகள்.

இவை முதலில் சிக்கியது தலைப்பிரட்டையிடம். தவளையாக மாறும்போது அதன் வால் எங்கே போகிறது? 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாபியேரும் வால் துண்டுகளைக் கொலாஜன் கூழின் மேல் வைத்துப் பார்த்தார்கள். வால் சுரந்த நொதியால் துண்டைச் சுற்றியிருந்த கூழ் கரைந்துபோயிருந்தது. நம் உடலில் இந்த நொதிகள் 23 வகை. காயம் ஆறவும் எலும்பு வளரவும் இவை வேண்டும். புற்றுக்கட்டியோ அக்கம்பக்கத்து நல்ல செல்களையே தூண்டி இவற்றைச் சுரக்க வைத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு எம்.எம்.பி.யின் வெட்டும் இடத்திலும் ஒரு துத்தநாக அயனி உண்டு. அதைப் பிடித்து முடக்குவதற்காகப் பிரிட்டிஷ் பயோடெக் நிறுவனம் உருவாக்கிய மாத்திரை மாரிமாஸ்டாட். இவ்வகை மருந்துகள் எலிகளில் நல்ல பலன் தந்தன. 1990களின் பிற்பகுதியில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோதோ தோள் வலித்தது, கைவிரல் மூட்டுகள் இறுகின. பெரும்பாலான சோதனைகளில் ஆயுளும் நீளவில்லை. பேயரின் டானோமாஸ்டாட்டை எடுத்துக்கொண்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் சிலரின் நிலை, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மோசமானது. 1999இல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள்.

அடிப்படைக் கருத்தே தவறு என்று பலர் கைவிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எலிகளுக்கு மருந்து போனது நோயின் தொடக்கத்தில். மனிதர்களுக்கோ புற்று ஏற்கெனவே பரவி முடிந்த பிறகு. ஓடிப்போனவனுக்காகக் கதவை அடைத்து என்ன பயன்? அதோடு, எல்லா எம்.எம்.பி.யும் பகை அல்ல. எம்.எம்.பி.-8 இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகம் வந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. காக்கும் நொதியையும் சேர்த்தே முடக்கியிருக்கிறோம்.

பிறகு எம்.எம்.பி.-9ஐ மட்டும் குறிவைத்த ஆண்டெகாலிக்ஸிமாப் என்ற மருந்து வந்தது. இரைப்பைப் புற்றுநோயில் அதுவும் ஆயுளைக் கூட்டவில்லை. இந்த நொதிகளைத் தடுப்பதற்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது குறைந்த அளவு டாக்ஸிசைக்ளின். அதுவும் ஈறு நோய்க்கு.

அறுவை சிகிச்சை முடிந்த கையோடு, பரவுவதற்கு முன்பே, சரியான நொதியை மட்டும் தடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நோய் திரும்புகிறதா என்று பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய சோதனை அது. ஏராளமான நோயாளிகளும் பெரும் பணமும் வேண்டும். ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனங்கள் அதற்குத் தயங்குகின்றன.