எலியின் கல்லீரலில் ஆணும் பெண்ணும்

“தூக்க மாத்திரை போட்டால் என் கணவர் விடிந்ததும் வாக்கிங் போய்விடுகிறார். எனக்கோ மத்தியானம் வரை தலை கிறுகிறுக்கிறது. டாக்டர் எல்லாம் மனசுதான் என்கிறார்” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மனசு மட்டும் இல்லை அம்மா.

சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. 10 மில்லிகிராம் போட்டு எட்டு மணி நேரம் கழிந்த பிறகும், வண்டி ஓட்டத் தடுமாறும் அளவுக்கு மருந்து ரத்தத்தில் மிச்சமிருந்தது ஆண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு. பெண்களில் 15 பேருக்கு. பெண்களுக்கான அளவைப் பாதியாக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது 2013இல்தான்.

மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் ஆண், பெண் பேதம் அப்பட்டமாகத் தெரிவது எலிகளிடம். அமிட்டால் என்ற மயக்க மருந்து, ஆண் எலிக்குத் தருவதில் பாதி கொடுத்தாலே பெண் எலிக்குப் போதும் என்று 1932லேயே எழுதிவிட்டார்கள். சூத்திரதாரி கல்லீரல் அல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. ஆண் எலியில் வளர்ச்சி ஹார்மோன் சுமார் மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை குபுக்கென்று பொங்கும். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. பெண் எலியிலோ விடாமல் கசியும். கல்லீரல் இந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் வேலை செய்கிறது. ஆண் எலிக்கு ஹார்மோனை இடைவிடாமல் ஏற்றிப் பாருங்கள்: 2சி11 என்ற ஆண் நொதியைக் கைவிட்டு, 2சி12 என்ற பெண் நொதியை உண்டாக்கத் தொடங்கிவிடும்!

கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி.யை ஆண் எலி பல விதமாகச் சிதைக்கிறது. பெண் எலி பெரும்பாலும் 11-ஹைட்ராக்சி டி.எச்.சி.யாக மாற்றுகிறது. அதுவும் போதை தருவதே. மனிதரில் பேதம் இவ்வளவு கூர்மையில்லை.

அதே செடியின் சி.பி.டி. என்ற பொருளுக்குப் போதை கிடையாது. 2018இல் அமெரிக்காவில் வலிப்பு மருந்தாகவே வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெரு ரேஷன் கடையில் ஒருவர் கவுன்ட்டரை மறித்துக்கொண்டால் வரிசை தேங்குவதுபோல, அது 2சி19 நொதியை மறித்துக்கொள்ளும். குளோபசாம் என்ற வலிப்பு மருந்தும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு, அதிலிருந்து உண்டாகும் வீரியமுள்ள பொருள் ரத்தத்தில் மூன்று மடங்குவரை சேர்ந்துவிடும்; அவர்கள் தூங்கி வழிவார்கள்.

பெண்களுக்கான அளவு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது? 1977இல் எஃப்.டி.ஏ. குழந்தை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அதைத் திருத்தியது. கருவைக் காக்க நினைத்தது சரி. அதற்காகப் பெண்ணின் கல்லீரலைப் பார்க்காமலே அளவு குறித்தது என்ன நியாயம்? நம் பங்குக்கு நாமும் எண்ணெய், லேகியம், சூரணம் எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்கிறோம். ‘மூலிகைதானே’ என்று கல்லீரல் எதையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதில்லை.