கஞ்சாச் செடி: வீட்டுத் தோட்டமும் சட்டமும்

கஞ்சாச் செடி ஓராண்டுப் பயிர். ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கும். பெண் செடியின் பூங்கொத்தில் சுரக்கும் பிசினே போதைக்குக் காரணம். ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளத்தின் நவ்காவ் பகுதி உழவர்கள், விதை பிடிக்காதிருக்க, ஆண் செடிகளை முன்கூட்டியே பிடுங்கிவிடுவர். அது அரசு உரிமம் பெற்ற சாகுபடி.

இன்று நிலை வேறு. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985, உரிமமின்றி இச்செடியை வளர்ப்பதைத் தடை செய்கிறது. 20ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இத்தனை செடி வரை வளர்க்கலாம் என்ற சலுகை ஏதும் இல்லை. செவிலிமேட்டில் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒற்றைச் செடி வைத்தாலும் குற்றமே. பூங்கொத்து சேராத இலையும் விதையும் ‘கஞ்சா’ என்ற சட்ட வரையறைக்குள் வராது என்பதைச் சிலர் சாக்காகச் சொல்வதுண்டு. அது வளர்ப்பவருக்கு உதவாது. செடியை வளர்ப்பதே தனிக் குற்றம். தம் நிலத்தில் பிறர் வளர்ப்பதை அறிந்தும் தெரிவிக்காத நில உரிமையாளரும் 46ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உள்ளாவார்.

புளிச்சைக்கீரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் இலையும் விரல்விரலாகப் பிரிந்திருக்கும்; அதன் தாவரவியல் பெயரில் உள்ள ‘கன்னாபினஸ்’ என்ற சொல்லுக்கே கஞ்சாவைப் போன்றது என்றுதான் பொருள். ஆனால் அது செம்பருத்தியின் இனம். இலை புளிக்கும், நடுவில் கருஞ்சிவப்புடன் பெரிய வெளிர்மஞ்சள் பூ பூக்கும். கஞ்சாவின் பூக்களோ பச்சை நிறத்தில், இதழே தெரியாத அளவுக்குச் சிறியவை.