நிலமும் பூவும் – 7: உப்பில் பூக்கும் வெண்கண்டல்

போன வாரம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் இருந்தோம். 78 சதுர கிலோமீட்டர் சோலையும் புல்வெளியும், வனத்துறைக் காவல், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. இந்த வாரம் குறிஞ்சியிலிருந்து நேராக நெய்தலுக்கு இறங்குகிறோம். ராயபுரத்தில் பஸ் ஏறி, திருவொற்றியூர் தாண்டி, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு.

மலையில் நூறடி நடப்பதற்குள் எண்ணிக்கை தப்பிவிடும். இந்தச் சேற்றிலோ பூக்கும் செடிகளை விரல்விட்டே எண்ணலாம். அதனாலேயே இதைப் பொட்டல் என்று எழுதிவிட்டு, மேலே சாம்பலையும் மண்ணையும் கொட்டுகிறோம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒரு செடி போனால் அதன் வேலையைச் செய்ய மலையில் இன்னொன்று கிடைக்கலாம். இங்கே மாற்று ஆள் கிடையாது.

அலையாத்தி என்று பொதுவாகச் சொல்கிறோமே, எண்ணூரில் அந்த வகையில் மிகுதியாக நிற்பது வெண்கண்டல். இலையை விரலால் தடவினால் உப்புப் பொடி ஒட்டும். வேர் உறிஞ்சும் உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் மரத்தைச் சுற்றிப் பென்சில்களை நட்டுவைத்ததுபோல மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பூ மிகச் சிறியது, ஆரஞ்சு கலந்த மஞ்சள். தூரத்திலிருந்து தெரியாது, தேனீக்களுக்குத் தெரியும். விதை மரத்திலேயே காய்க்குள் முளைவிட்டு, பிறகு விழுந்து தண்ணீரோடு மிதந்து, சேறு கண்ட இடத்தில் வேர் பிடிக்கிறது.

இந்த வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சுகள் ஒதுங்கி வளர்கின்றன. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிழைக்கும் இருளர் வீடுகளின் அன்றாட உலை இவற்றை நம்பி இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. வெண்கண்டலின் அடித்தண்டும் மூச்சுவேர்களும் கறுத்தன. வேரிலுள்ள நுண்துளைகள் அடைபட்டால் மரம் மூச்சுத் திணறும். அதற்கு முன்பே, அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க் கசிவில் வந்து படிந்து, ஆற்றின் ஆழத்தைப் பல இடங்களில் தூர்த்திருந்தது.

மணல் பக்கம் வேறு கூட்டம். ஆட்டுக் குளம்புபோலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக அடும்பு மணலைப் பிடித்துவைக்கும். ராவணன் மீசையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியின் முள்பந்து காற்றில் உருண்டோடி விதையை இறைக்கும். சேறு காயும் ஓரங்களில் உமரி, வெயில் ஏறச் சிவக்கும். அடும்பும் கண்டலும் சங்கப் புலவர்கள் நெய்தலில் பாடியவை. அவர்கள் பாடிய தாழையையும் புன்னையையும் இந்தக் கரையில் இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் இந்தக் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதி. அந்த வரைபடத்தின்படி கழிமுகத்தைக் காக்கச் சொல்லித்தான் மீனவர்கள் ஆண்டுக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

(தொடரும்)