ஆயாவுக்குச் சேரவேண்டியது

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், நம்மவர் நடத்தும் ஒரு தொடக்கப்பள்ளியின் ஆண்டுவிழாவுக்குச் சென்றிருந்தேன். பரிசளிப்பு முடிந்தபின், ஓய்வுபெறும் ஆயாவை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் வழங்கினார்கள். 22 ஆண்டுகள் அந்த அம்மாவின் கையைப் பிடித்து நடந்த குழந்தைகளுள் சிலர், இன்று அதே பள்ளிக்குத் தம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நானும்தான் தட்டினேன்.

திரும்பும்போது பார்த்தால், அவர் பந்தலோரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்றைக்குமா வேலை, அம்மா?" என்றேன்.

"நாளையிலிருந்துதானே ஐயா வரமாட்டேன்" என்றார்.

கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அதற்குமேல் ஏதேனும் கொடுத்தார்களா என்று விசாரித்தேன். கடிகாரத்தைக் காட்டினார். குறையாகச் சொல்லவில்லை, அதுவே என்னை உறுத்திற்று.

நம் உதவிபெறும் பள்ளிகளில், அரசு ஒப்புதல் அளித்த பணியிடங்களுக்கு அரசே ஊதியம் தருகிறது. அந்த ஏட்டில் இடம்பெறாத ஆயா, துப்புரவாளர், இரவுக் காவலர் ஆகியோருக்கு நிர்வாகமே தன் கைப்பணத்திலிருந்து கொடுக்கவேண்டும். சுயநிதிப் பள்ளியிலோ எல்லாருக்கும் நிர்வாகமே கொடுக்கவேண்டும். பற்றாக்குறை வந்தால் முதலில் கை வைக்கப்படுவது யாருடைய கூலியில் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இப்போது அந்த அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பத்துப்பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கல்வி நிலையங்களுக்கு 1997 முதல் பொருந்திற்று. ஐந்தாண்டு இடைவிடாது உழைத்தவர் விலகும்போது, ஓர் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் வீதம் தரவேண்டும். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து வருவதே ஒருநாள் ஊதியம். 22 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 63,460 ரூபாய் ஆகிறது. அவர் கேட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. விண்ணப்பம் வராவிட்டாலும் தொகையைக் கணித்து 30 நாளுக்குள் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்றது அச்சட்டம். 2025 நவம்பரில் அதன் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பெற்றது. 15 நாள் என்னும் அளவு மாறவில்லை.

அந்த 5,000 ரூபாயே நியாயமான கூலிதானா என்பது வேறு கேள்வி. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பு விலக்கிய கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. வேலை செய்பவர் மனமொப்பி வந்தாலும் அப்படித்தான். பசிதானே அவரை ஒப்பவைக்கிறது! இதே கருத்தைத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் வற்புறுத்தியிருந்தார்.

நீதியைப் போதிக்கும் திருச்சபை முதலில் தானே நீதியாக நடக்கவேண்டும், தன்னிடம் உழைப்போருக்குப் போதிய பிழைப்பும் பாதுகாப்பும் தரவேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் கூறிற்று. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1286-ஆம் எண்ணோ, திருச்சபையின் சொத்துகளை நிர்வகிப்போர் நாட்டின் தொழிற்சட்டங்களைச் சரிவரக் கடைப்பிடிக்கவும், பணியாளரும் அவரை நம்பியிருப்போரும் வாழப் போதுமான ஊதியம் கொடுக்கவும் கட்டளையிடுகிறது. அறுவடை செய்தவர்களின் பிடித்துவைத்த கூலியைப்பற்றிப் புனித யாகப்பர் எழுதியதை ஞாயிறு வாசகத்தில் கேட்கும்போது, நாம் எங்கேயோ உள்ள ஒரு பண்ணையாரை நினைத்துக்கொள்கிறோம். பள்ளி அலுவலகம் நம் நினைவுக்கு வருவதில்லை.

"பணம் எங்கே இருக்கிறது?" என்று கன்னியர் கேட்பதில் உண்மை உண்டு. ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, மாதக் கடைசியில் கையைப் பிசையும் தலைமையாசிரியைகளை நான் அறிவேன். ஆனால் கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே. 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான்கு கடைநிலைப் பணியாளருக்குத் தலைக்கு 1,000 ரூபாய் கூட்டிக்கொடுக்க, ஆண்டுக்கு 48,000 ரூபாய் வேண்டும். பிள்ளை ஒன்றுக்கு மாதம் பத்து ரூபாய். கட்டணம் உயர்ந்தால் கொதித்தெழும் பெற்றோராகிய நாம், அந்தப் பத்து ரூபாய் எதற்கென்று தெரிந்தால் மறுப்போமா? பெற்றோர்-ஆசிரியர் கழகத்தில் யாரேனும் எழுந்து கேட்டதுண்டா?

கூலி மட்டுமன்று. கையுறையின்றி அமிலம் ஊற்றிக் கழிப்பறை கழுவுகிறார்கள். உட்கார ஒரு நாற்காலி, மதிய உணவை நிழலில் உண்ண ஓரிடம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. பங்குத் திருவிழாவன்று பந்தல் பெருக்க ஆயாவையே அழைத்துவிட்டு, அன்றைய கூலியைக் கோவிலுக்கான காணிக்கை என எண்ணிக்கொள்வதும் நம்மிடையே உண்டு. காணிக்கை கொடுப்பவர்தான் அதை முடிவுசெய்ய வேண்டும்.

அந்த அம்மாவின் கணக்கை ஒரு தாளில் எழுதி, பள்ளித் தாளாளரிடம் கொண்டுபோனேன். அவர் சினங்கொள்ளவில்லை, முதலில் நம்பவில்லை, பிறகு பழைய வருகைப் பதிவேடுகளைத் தேடச் சொன்னார். 2001 ஜூனில் அந்த அம்மா இட்ட கைநாட்டு கிடைத்தது. தொகை இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது. அதே பள்ளியின் இரவுக் காவலர் 14 ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறார். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சம்பளம் உறையில் போட்டுக் கொடுக்கப்படுகிறது.