புங்க மரத்தடியில் கேட்ட வெயில் கதைகள்



சென்னையில் அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், நம் வளாகத்துப் புங்க மரத்தடியில் பாய் விரித்து உங்களை அழைத்தோம். "வெயிலால் சிரமம் உண்டா?" என்று படிவத்தில் கேட்டபோதெல்லாம் எங்களுக்குக் கிடைத்த விடை, பெரும்பாலும் "இல்லை" என்பதே. எனவே கேள்வியை மாற்றினோம். "கோடையில் நீங்கள் ஒதுங்கிய மரம் எது? அங்கே நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்றோம். கதைகள் தாமாக வந்தன.

முதலில் பேசியவர் ஒரு முதியவர். 2003 மே மாத இறுதியில் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியபோது, அவருடைய தெருவினர் பகல் முழுவதும் ஒரு வேப்ப மரத்தடியில் கழித்தார்களாம். 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் அம்மரம் சாய்ந்தது. "நிழல் போனது மட்டுமில்லை ஐயா. அந்த மரத்தடிக்கு ஒருவர் வரவில்லையென்றால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவோம். இப்போது யார் வீட்டில் யார் மயங்கிக் கிடக்கிறார் என்று யாருக்குத் தெரிகிறது?" என்றார்.

அடுத்து, இதய நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் பேசினார். வெயிலுக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுத்த மோரையும் இளநீரையும் மறுக்க மனமின்றிக் குடித்தார். சில நாள்களில் கால் வீங்கி, மூச்சுத் திணறி, மீண்டும் படுக்கையில் சேர்ந்தார்.

கடைசியாக, மகனுக்குத் துணையிருக்கும் தாய் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பகலில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" சற்று நேரம் அமைதி. பிறகு அங்கிருந்த பெண்கள் ஒவ்வொருவராக "நானும்தான்" என்றனர்.

நோயாளி எவ்வளவு நீர் அருந்தினார் என்று நாள்தோறும் குறித்து வைக்கும் நாங்கள், அருகில் அமர்ந்திருப்பவர் அருந்தினாரா என்று கேட்டதில்லை. இனிக் கேட்போம். உடனிருப்பவர் வெளியே சென்று வரும்வரை நோயாளியின் அருகே அமரத் தன்னார்வலர்களை ஏற்பாடு செய்துள்ளோம். மரத்தடியில் இருக்கைகளும் குடிநீரும் வைத்துள்ளோம். மரத்தின் குளிர்ச்சிக்கு நிழல் மட்டும் காரணமன்று; இலைகள் வெளியிடும் நீராவியும் சுற்றியுள்ள காற்றின் வெம்மையைத் தணிக்கிறது. அரை மணி நேரம் அங்கே அமர்ந்து வருவதைக் கடமை தவறியதாக எண்ண வேண்டா.

கோடையில் நினைவிற்கொள்ள வேண்டியவை

• இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளோர், நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகள் கேளாமல் அருந்தலாகாது.

• சிறுநீர் பெருக்கும் மருந்துகளும், மனநலத்துக்கான சில மருந்துகளும் உடல் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கக்கூடும். தாமாக நிறுத்தாமல் ஆலோசனை பெறுக.

• உடல் அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

• தனியே வாழும் அண்டை வீட்டாரை நாளுக்கு இருமுறையேனும் பார்த்து வாருங்கள்.

கோடை முடியும்வரை வாரந்தோறும் மரத்தடியில் கூடுவோம். நாங்கள் கேட்கத் தவறிய ஒன்று உங்கள் கதையில் இருக்கக்கூடும். வந்து சொல்லுங்கள்.