எஃகின்மேல் வட்டக்கோலம்

ரைபிள் துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளி, குழலின் பின்புறத்தை அடைத்து நிற்கும் எஃகு உருளைக்குப் போல்ட் என்று பெயர். சில வேட்டைத் துப்பாக்கிகளில் அதன்மேல் மீன் செதில்போல் வட்டங்கள் அடுக்கடுக்காக மின்னும். அவற்றைச் செதுக்குவேலை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அவை தேய்த்துப் பெறுபவை.

துளையிடும் இயந்திரத்தில் அலகுக்குப் பதிலாகச் சிறு தண்டொன்றைப் பொருத்துவர். எண்ணெயில் குழைத்த உராய்வுப் பொடியைப் போல்ட்டின்மேல் பூசி, சுழலும் தண்டின் முனையைச் சற்றே அழுத்துவர்; ஒரு வட்டம் பதியும். பின்னர், தண்டின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதியளவு நகர்த்தி அடுத்த வட்டத்தைப் பதிப்பர். ஒரு வரிசை முடிந்ததும் போல்ட்டைச் சிறிது திருப்புவர். நகர்த்தும் அளவு ஓரிடத்தில் பிழைப்பினும் வரிசை முழுவதும் கோணும்.

ஒவ்வொரு வட்டமும் நுண்ணிய வளைகீறல்களின் தொகுதி. அவை ஒளியைப் பல திசைகளில் திருப்புவதால், நாம் அசையுந்தோறும் ஒளிக்கீற்றும் அசைகிறது. 1927-இல் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானத்தின் மூக்குத் தகடுகளிலும் இக்கோலம் உண்டு.

ஆனால், போல்ட்டின் பூட்டுப் புடைப்புகளைத் தேர்ந்த கைவினைஞர் தேய்ப்பதில்லை. வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குபவை அவையே. அங்கே உலோகம் குறைந்தால் சுடுபவரின் உயிருக்கே இடர். எங்கே மெருகிடுவது என்பதோடு எங்கே கைவைக்கலாகாது என்பதையும் அறிந்தவனே தொழில் கற்றவன்.