நம் தீவுகளின் கற்கள்

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லை நம்மில் பலர் தாயகத்தில் கண்டிருப்போம். ரயில் தண்டவாளத்தின் கீழ் ஜல்லியாகக் கிடந்து பாரம் தாங்குவது அத்தகைய கல்லே. ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் முதலிய தாதுக்கள் ஒன்றோடொன்று இறுகிக் கோத்திருப்பதே அதன் வலிமைக்குக் காரணம். நாம் குடியேறி வாழும் அந்தமானிலோ கற்களின் குலமே வேறு. இவை பெரும்பாலும் கடலடியிலிருந்து உயர்ந்தவை.

தென் அந்தமானிலும் ரட்லண்டுத் தீவிலும் காணும் பச்சை நிறக் கல், பூமியின் ஆழத்தில் பிறந்தது. அதிலிருந்த ஒலிவின் என்னும் தாது நீரோடு கூடிச் செர்பென்டைனாக மாறிற்று. கருமணிகள் போன்ற குரோமைட்டும் அதில் ஆங்காங்கே உண்டு. மணற்கல்லோ, ஆழ்கடலில் படிந்த குவார்ட்ஸ் மணிகள் சேற்றோடு இறுகி ஆனது. பாராடாங் குகைகள் சுண்ணாம்புக் கல்லில் அமைந்தவை. அதன் தாது கால்சைட். நெடுநாள் உறங்கி 1991-ஆம் ஆண்டு மீண்டும் சீறிய பாரன் தீவின் எரிமலையோ பசால்ட் என்னும் கரிய கல்லை வார்க்கிறது.

இவ்வறிவு வீட்டுக்கும் உதவும். நம் கரைகளின் வெண்மணல் பெரும்பாலும் பவளமும் சிப்பியும் பொடிந்த சுண்ணாம்பே அன்றோ! அதில் ஊறிய உப்பு, கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருவேற்றி, நாளடைவில் கூரையைப் பிளந்துவிடும். மேலும், அலையின் வேகத்தைத் தணிப்பது பவளப்பாறை. கரையைக் காப்பது மணல். பவளத்தைப் பெயர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். மலிவென்று கடல்மணலை நாடும் அன்பர்கள் இவற்றை எண்ணிப் பார்ப்பார்களாக. மணலில் மிச்சமாகும் காசு, பின்னர்க் கூரையில் கரைந்துபோம்.